மாத்திரை வாசல்வரை வந்த பிறகு

ஐந்தாம் அத்தியாயம்: நோயாளியோடு பேசுதல்

மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் உரிய மாத்திரைகள் அதன்பின் வீட்டு வாசலுக்கே வரத் தொடங்கின. தென்காசி மாவட்டத்தில் கீழப்பாவூர், ஆலங்குளம், கடையநல்லூர் பக்கத்துத் தெருக்களில் மகளிர் சுகாதாரத் தன்னார்வலர் பி.பி. கருவியும் குளுக்கோமீட்டருமாக வருவது இப்போது பழகிய காட்சி. பஸ் செலவு, போகும் ஒரு நாள் கூலி, ஓ.பி. வரிசையில் நிற்கும் கால்வலி என்ற பழைய தடைகள் பெரும்பாலும் நீங்கிவிட்டன. இருந்தும் பல வீடுகளில் போன மாதம் கொடுத்த அட்டை பிரிக்கப்படாமல் சாமி படத்துக்குப் பின்னால் செருகியிருக்கிறது. வாசலுக்கும் வாய்க்கும் இடையே மிச்சமிருக்கிற அந்தத் தூரத்தைப் பற்றியது இந்த அத்தியாயம்.

வீட்டில் வைத்துச் சிகிச்சை கொடுக்கலாம் என்று உலகுக்குக் காட்டியதில் தமிழ்நாட்டுக்குப் பழைய பங்கு உண்டு. 1956-ல் சென்னையில் தொடங்கிய காசநோய் மருந்தாய்வு மையம், சானடோரியத்தில் படுத்திருந்தவர்களையும் குடிசையில் இருந்தபடியே மருந்து சாப்பிட்டவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தது. 1959-ல் முடிவு வெளியானது. ஒழுங்காக மருந்து சாப்பிட்டால் வீட்டிலிருந்தே ஏறக்குறைய அதே அளவு குணமடையலாம் என்றது. உலகின் காசநோய்ச் சிகிச்சை அதற்குப் பிறகு வீட்டை நோக்கித் திரும்பியது. அந்த முடிவுக்குப் பின்னால் மருந்து மட்டும் இல்லை. வீடு வீடாகப் போய், மாத்திரையை எண்ணி, குடும்பத்தோடு உட்கார்ந்து பேசிய பணியாளர்களின் உழைப்பும் இருந்தது. இன்று உங்கள் கையில் இருப்பதும் அதே வேலைதான். நோய் மட்டும் மாறியிருக்கிறது. காசநோய் சில மாதங்களில் தீரும். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் ஆயுளுக்கும் கூடவே வருகின்றன. அதனால் பேச்சின் பொறுப்பு இன்னும் கூடுகிறது.

நர்ஸிங் பாடப்புத்தகத்தில் தெரபியூட்டிக் கம்யூனிகேஷன் என்று ஒரு பாடம் படித்திருப்பீர்கள். ஹில்டகார்டு பெப்லாவ் 1952-ல் எழுதிய நூலில், செவிலியருக்கும் நோயாளிக்கும் இடையிலான உறவே சிகிச்சையின் ஒரு பகுதி என்று வாதிட்டார். தேர்வுக்கு அதை மனப்பாடம் செய்துவிட்டு, வார்டுக்குள் வந்ததும் மறந்துவிடுகிறோம். மோட்டிவேஷனல் இன்டர்வியூயிங் என்ற முறை அந்த உறவைக் கையாளும் வழியைக் கொஞ்சம் தெளிவாக வகுத்துத் தருகிறது. இங்கே அதை ஊக்க உரையாடல் என்று சொல்லிக்கொள்வோம்.

அது பிறந்த விதம் நமக்குப் பயன்படும். அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மில்லர் 1982-ல் நார்வேயின் பெர்கன் நகருக்கு அருகில் ஒரு குடிநோய்ச் சிகிச்சை நிலையத்துக்குப் போயிருந்தார். அங்கிருந்த இளம் உளவியலாளர்கள் அவரைப் பேச்சோடு விடவில்லை. நாங்கள் நோயாளியாக நடிக்கிறோம், நீங்கள் பேசிக் காட்டுங்கள் என்றார்கள். நடுவில் நிறுத்தி நிறுத்தி, இந்தக் கேள்வியை ஏன் கேட்டீர்கள், அவர் சொன்னதில் இதை விட்டுவிட்டு அதை ஏன் பிடித்தீர்கள் என்று துளைத்தார்கள். பதில் சொல்லப் போய்த்தான், தான் இதுவரை கைப்பழக்கமாகச் செய்துவந்தது என்ன என்பது அவருக்கே புலப்பட்டது. 1983-ல் அதைக் கட்டுரையாக எழுதினார். பிறகு ஸ்டீபன் ரோல்னிக்கோடு சேர்ந்து 1991-ல் நூலாக்கினார். அதன் நான்காம் பதிப்பு 2023-ல் வந்தது. அவர்கள் கண்ட அடிப்படை இதுதான்: மாற வேண்டும் என்று ஒருவர் நினைக்கும்போதே, மாற வேண்டாம் என்ற நினைப்பும் அவருக்குள் கூடவே இருக்கிறது. நாம் ஒரு பக்கத்துக்கு வாதாடினால் அவர் மறுபக்கத்துக்கு வாதாடத் தொடங்குவார். தன் வாயால் எந்தப் பக்கத்தைச் சொல்கிறாரோ அந்தப் பக்கமே அவருக்குள் உறுதிப்படும்.

ஆகவே மாற்றத்துக்கான காரணத்தை நோயாளி சொல்ல வேண்டும், நாம் சொல்லக் கூடாது. கேட்கச் சிறியதாக இருக்கிறது. நம் ஊரில் இது மிகக் கடினம். அதற்குக் காரணம் உண்டு.

உறவுமுறை தரும் உரிமை

மேலைநாட்டுப் புத்தகங்கள் செவிலியரையும் நோயாளியையும் முன்பின் அறியாத இருவராக வைத்துக்கொள்கின்றன. தென்காசியில் அப்படி இரண்டு நிமிடம்கூட இருக்க முடியாது. ஆச்சி, பெரியம்மா, மதினி, அண்ணாச்சி என்று நாம் அழைக்கிறோம். அவர்கள் தாயி என்கிறார்கள், சிஸ்டர் என்கிறார்கள், நீ யார் வீட்டுப் பிள்ளை, எந்தத் தெரு என்று கேட்கிறார்கள். பாயை விரித்து உட்காரச் சொல்கிறார்கள். பெப்லாவ் பல பக்கங்களில் கட்டச் சொல்லும் உறவு இங்கே வாசல்படியிலேயே கிடைத்துவிடுகிறது. நம் மண் நமக்குத் தந்திருக்கும் பெரிய வசதி இது.

அதே உறவுதான் நமக்குக் கண்டிக்கும் உரிமையையும் கொடுத்துவிடுகிறது. மகள் ஸ்தானத்தில் உட்கார்ந்தவுடன் மகள் பேசுவதுபோல் பேசுகிறோம்: எத்தன தடவ சொல்லுதேன், உங்க நல்லதுக்குத்தான சொல்லுதேன், கேக்க மாட்டேங்கீங்களே. பெரியவர்களும் மகளுக்குச் சொல்லும் பதிலையே நமக்கும் சொல்கிறார்கள். சரி தாயி, போடுதேன். அதற்குமேல் எதுவும் வராது. நம்மைச் சங்கடப்படுத்தாமல் அனுப்பிவைக்கும் மரியாதை அது. மாத்திரைக்கும் அதற்கும் தொடர்பில்லை.

உறவுமுறையை விட்டுவிடுங்கள் என்று சொல்ல மாட்டேன். சார், மேடம் என்று அழைத்தால் இந்த ஊரில் முகம் மூடிக்கொள்ளும். அழைப்பை வைத்துக்கொள்ளுங்கள். கண்டிப்பை மட்டும் எடுத்துவிடுங்கள். ஆச்சி என்று அழைத்துவிட்டு, அதற்கு அடுத்த வாக்கியமாக அறிவுரை வராமல் பார்த்துக்கொள்வதே முதல் பயிற்சி. திருத்த வேண்டும் என்ற துடிப்பு அன்பிலிருந்து வருவதால் அதைத் தவறென்று அடையாளம் காண்பது சிரமம். நாக்கு நுனிக்கு வந்த அறிவுரையைக் கேள்வியாக மாற்ற முடியுமா என்று ஒரு கணம் பாருங்கள். முடியாவிட்டால் சும்மா இருங்கள்.

ஒரே வீடு, இரண்டு விதம்

கீழ்வரும் உரையாடல்கள் பயிற்சிக்காக எழுதப்பட்டவை. கீழப்பாவூர்ப் பக்கம் பீடி சுற்றும் அறுபது வயதைத் தாண்டிய ஒரு பெண்மணி. சர்க்கரை 280.

முதல் விதம்:

‘ஆச்சி, மாத்திர ஒழுங்கா போடுதீங்களா?’

‘போடுதேன் தாயி.’

‘போட்டா ஏன் சுகர் எரநூத்தி எம்பது இருக்கு? காலு போயிரும், கண்ணு போயிரும், தெரியும்லா?’

‘சரி தாயி, இனிமே ஒழுங்கா போடுதேன்.’

இரண்டாவது விதம்:

‘சொளவ எடுத்து வைக்காண்டாம் ஆச்சி, நீங்க பாட்டுக்குச் சுத்துங்க. நான் இங்கன உக்காந்துக்கிடுதேன். காலைல எந்திரிச்சதுல இருந்து ஒங்க நாளு எப்பிடிப் போவுது, சொல்லுங்களேன்.’

‘என்னத்தச் சொல்ல. விடியுமுன்ன எந்திரிச்சு தண்ணி புடிக்கணும், எல வெட்டணும். மதியத்துக்குள்ள கடையில கொண்டு கணக்குக் குடுக்கணும். திங்க எங்க நேரம்?’

‘கணக்கு முடிஞ்ச பெறவுதான் சோறு.’

‘ஆமா. சாப்பிடுததுக்கு முன்ன ஒரு மாத்திர, சாப்பிட்டு ஒரு மாத்திரன்னு குடுத்தாவ. சாப்பிடவே இல்லன்னா எதப் போட? ஒருநா வெறும் வயித்துல போட்டு, கையெல்லாம் நடுங்கி, வேத்து ஊத்தி, கெறக்கமா வந்திட்டு.’

செவிலியர் சற்று நேரம் எதுவும் சொல்லவில்லை. பிறகு:

‘மாத்திர வேண்டாம்னு இல்ல. விழுந்திருவோமோன்னு பயம்.’

‘விழுந்தா யாரு தூக்க? மகளும் வேலைக்குப் போயிருதா. இப்ப கண்ணு வேற மங்கலா இருக்கு. நூலு கட்டையில சரியாத் தெரிய மாட்டேங்கு.’

‘கண்ணப் பத்தித்தான் ஒங்களுக்குக் கவல.’

‘கண்ணு போச்சுன்னா கைவேல போச்சு. நான் யாரு கைய எதிர்பாத்து இருக்க?’

முதல் உரையாடலில் செவிலியர் கண் போய்விடும் என்று சொன்னார். அது மிரட்டலாகப் போய் விழுந்தது. இரண்டாவதில் அதையே ஆச்சி சொன்னார். தன் உழைப்பு, தன் மானம் இரண்டோடும் சேர்த்துச் சொன்னார். சாகும்வரை தன் கையை நம்பியே இருக்க வேண்டும் என்பது அவருடைய காரணம். எந்தச் செவிலியரும் அவருக்காக இதைக் கண்டுபிடித்துத் தந்திருக்க முடியாது.

அதைவிட முக்கியமான ஒன்றும் இங்கே வெளிவந்தது. நடுக்கம், வியர்வை, கிறக்கம் மூன்றும் சர்க்கரை தாழ்ந்ததன் அறிகுறிகள். கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு வகை மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் இப்படி வரும். ஆச்சி மாத்திரையை நிறுத்தியதில் பிடிவாதம் எதுவும் இல்லை. தன்னைக் காத்துக்கொண்டார். முதல் செவிலியரின் பேச்சுக்குப் பயந்து அவர் வெறும் வயிற்றில் மறுபடி அதைப் போட்டிருந்தால் மயங்கி விழுந்திருக்கலாம். நன்றாகப் பேசுவது என்பது பண்பு சார்ந்த விஷயம் மட்டும் என்று நினைப்பவர்களுக்கு இந்த இடத்தைத்தான் காட்ட வேண்டும். காதுகொடுத்துக் கேட்காததால் மருந்தே ஆபத்தாகிறது.

உரையாடல் தொடர்கிறது:

‘கெறக்கம் வந்தத நீங்க சொன்னது நல்லதாப் போச்சு ஆச்சி. அத இன்னைக்கே டாக்டர்ட்ட சொல்லுதேன், மாத்திரய மாத்தணுமான்னு அவுங்க பாப்பாங்க. சாப்பாட்டு நேரத்தப் பத்தி எனக்குத் தெரிஞ்சது ஒண்ணு இருக்கு, சொல்லட்டுமா?’

‘சொல்லு.’

‘இந்த மாத்திர உள்ள போனா பெறத்தாலயே சோறும் போவணும். இல்லன்னா அன்னைக்கு வந்த மாதிரி வரும். ஒங்க வேலைக்கு நடுவுல எது தோதுப்படும்னு நீங்கதான் சொல்லணும்.’

‘எல வெட்ட உக்காருததுக்கு முன்ன ரெண்டு இட்லி தின்னுட்டா என்ன? கடக்காரி ஆறு மணிக்கே ஊத்திருதா.’

ஆறு மணி இட்லிக்கடை செவிலியருக்குத் தெரியாது. வழியும் ஆச்சியிடமே இருந்தது.

திருப்பிச் சொல்லுதல்

இரண்டாவது உரையாடலில் செவிலியர் கேட்ட கேள்விகள் மிகக் குறைவு. பெரும்பாலும் அவர் செய்தது, ஆச்சி சொன்னதை எடுத்துத் திருப்பிச் சொன்னது. கணக்கு முடிஞ்ச பெறவுதான் சோறு. விழுந்திருவோமோன்னு பயம். முதலாவது அவர் வாயால் சொன்னது. இரண்டாவது அவர் சொல்லாமல் விட்டது. ஊக்க உரையாடலில் தேர்ந்தவர்கள், ஒரு கேள்விக்கு இரண்டு முறையாவது இப்படித் திருப்பிச் சொல்ல முயல்வார்கள். நம்மில் பலருக்கு நேர் எதிராகப் போகும். அடுக்கடுக்காகக் கேட்போம். கேள்வி மேல் கேள்வி வந்தால் விசாரணையாகிவிடும். விசாரணையில் யாரும் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசுவதில்லை.

சொல்லும் தொனியைக் கவனியுங்கள். வாக்கியக் கடைசியில் குரல் ஏறினால் கேள்வி. விழுந்துருவோம்னு பயமா? என்றால், சந்தேகப்படுகிறோம் என்று தோன்றும். குரல் இறங்கினால் புரிந்துகொண்டோம் என்று பொருள். தவறாகப் புரிந்துகொண்டிருந்தாலும் கேடில்லை. ‘அப்பிடி இல்ல தாயி’ என்று அவரே திருத்துவார். அந்தத் திருத்தத்தில் இன்னும் கொஞ்சம் உண்மை வரும். பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரரிடமும் வீட்டில் பிள்ளைகளிடமும் இதைப் பழகலாம். நோயாளியிடம் மட்டும் முயன்றால் செயற்கையாகத்தான் வரும்.

மௌனம் பற்றி இரண்டு வார்த்தை. நாம் பேசாமல் இருந்தால் நேரம் வீணாகிறது என்று கை பரபரக்கும், உடனே கேஸ் ஷீட்டைப் புரட்டுவோம். புரட்டாதீர்கள். பத்து நொடி போதும். பெரியவர்கள் மனசில் உள்ளதைச் சொல்ல எடுத்துக்கொள்ளும் நேரம் அது.

ரூபாய்க்கு எத்தனை அணா

ஒன்றிலிருந்து பத்துக்குள் எவ்வளவு முக்கியம் என்று கேட்கும் அளவுகோல் ஒன்று ஊக்க உரையாடலில் உண்டு. பத்து மதிப்பெண் என்றால் வயதானவர்கள் பரீட்சைபோல் மிரள்கிறார்கள், அல்லது நம் மனம் நோகாமல் பத்து என்றே சொல்லிவிடுகிறார்கள். அணாவில் கேளுங்கள். எட்டணா, முக்கால் ரூபாய் என்று பேசிப் பழகிய தலைமுறை இது. தினமும் நடப்பது ஒங்களுக்கு ரூவாய்க்கு எத்தன அணா முக்கியம்? எட்டணா என்கிறார். அடுத்த கேள்வியில்தான் சூட்சுமம் இருக்கிறது. ஏன் பதினாறு அணா இல்லை என்று கேட்டால், நடக்க முடியாததற்கான காரணங்களை வரிசையாக எடுத்து வைப்பார். எடுத்து வைக்க வைக்க அதை அவரே நம்பவும் தொடங்குவார். நாலணான்னு சொல்லாம எட்டணா சொன்னீங்களே, எதுனால? என்று கேளுங்கள். நடப்பதற்கான காரணங்கள் வரும்.

முக்கியம் எவ்வளவு என்று ஒருமுறை, முடியும் என்ற நம்பிக்கை எவ்வளவு என்று ஒருமுறை, தனித்தனியாகக் கேட்க வேண்டும். முக்கியம் பதினாலணா, நம்பிக்கை ரெண்டணா என்று ஒருவர் சொன்னால் அவருக்கு அறிவுரை வேண்டியதில்லை. தெம்புதான் வேண்டும். இதற்குமுன் அவர் சாதித்த ஏதாவது ஒன்றைத் தேடிப் பிடியுங்கள்.

பார்டர் பரோட்டாவும் அருவிக் குளியலும்

செங்கோட்டைச் சாலையில் பிரானூர் பார்டர் பக்கம் வேலை செய்யும் செவிலியர்களுக்குப் பரோட்டா அன்றாடப் பிரச்சினை. புளியரை வழியாகக் கேரளத்துக்கு லாரி ஓட்டும் ஒருவரிடம் மைதா கெடுதல் என்று சொல்வதால் ஒன்றும் ஆகாது. அது அவருக்கு முன்பே தெரியும். தெரிந்ததையே மறுபடி சொல்வது, உமக்குத் தெரியாது என்று சொல்வதற்குச் சமம். முதலில் கேளுங்கள்: பரோட்டாவுக்கும் சுகருக்கும் என்ன தொடர்புன்னு கேள்விப்பட்டிருக்கீங்க அண்ணாச்சி? அவருக்குத் தெரிந்ததைச் சொல்வார். விட்டுப்போனது எது என்று உங்களுக்குத் தெரியும். அனுமதி கேட்டு அதை மட்டும் சொல்லுங்கள். பிறகு, இதக் கேட்டா ஒங்களுக்கு என்ன தோணுது என்று திரும்ப அவரிடமே விட்டுவிடுங்கள். கேட்டு, சொல்லி, மறுபடி கேட்பது. நாலை ரெண்டாக்குகிறேன் என்று அவர் சொன்னால் அன்றைக்கு அது போதும். ரெண்டும் கூடாதுதான் என்று நீங்கள் சேர்த்தால், சொன்ன ரெண்டும் போய்விடும்.

ஜூனில் சாரல் தொடங்கிவிட்டால் இன்னொரு பேச்சு காதில் விழும். ஐந்தருவியிலோ பழைய குற்றாலத்திலோ தொடர்ந்து குளித்தால் சுகர் இறங்கிவிடும், மலைத் தண்ணீரில் மூலிகை இருக்கிறது, மாத்திரை எதற்கு என்பார்கள். சிரித்துவிடாதீர்கள், அறிவியலையும் தூக்கிப் போடாதீர்கள். அருவியில குளிச்சா ஒடம்பு எப்பிடி இருக்கு என்று கேளுங்கள். தூக்கம் நல்லா வருது, ஒடம்பு லேசா இருக்கு என்பார்கள். அது உண்மை. அந்த உண்மையை ஏற்றுக்கொண்ட பிறகே, அருவிக் குளியலால் சர்க்கரை நோய் தீராது, மாத்திரையை நிறுத்தக் கூடாது என்று சொல்ல இடம் கிடைக்கும். இரண்டு வாரம் மாத்திரையோடு குளிங்க, அளந்து பாப்போம் என்று சேர்ந்தே ஒரு ஏற்பாடு செய்துகொள்ளலாம். கால் மரத்துப்போனவர்களிடம் மட்டும் ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். பாறையில் வெறுங்காலோடு நடந்தால் கீறல் பட்டதே தெரியாது. குளித்து வந்ததும் பாதத்தைத் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள், குனிய முடியாதவர் கண்ணாடியை வைத்துப் பார்க்கட்டும்.

மாலை போட்ட நாட்கள், நோன்பு நாட்கள்

குடியைப் பற்றிப் பேசும்போது நம் பகுதிக்கு ஒரு பெரிய பிடிமானம் உண்டு. செங்கோட்டை, அச்சன்கோவில் வழியாகச் சபரிமலைக்குப் போகிற மண் இது. ஆண்டு முழுக்கக் குடிக்கும் ஒருவர், கார்த்திகை பிறந்து மாலை போட்டால் 41 நாள் தொடுவதில்லை. விடவே முடியாது என்று தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்பவர், தன்னால் முடியும் என்பதற்கு ஆண்டுதோறும் தானே சாட்சியாக இருக்கிறார். அதைக் கேளுங்கள். மாலை போட்டிருந்தப்ப சாயங்காலம் எப்பிடிப் போச்சு அண்ணாச்சி? யாரு கூட இருந்தீங்க? காலைல எந்திரிக்கையில எப்பிடி இருந்திச்சு? வீட்ல பிள்ளைங்க எப்பிடி இருந்தாவ? அவர் சொல்லச் சொல்ல, குடியில்லாத தன் வாழ்க்கையைத் தானே வர்ணிப்பார். அப்போது குறுக்கே பேசாதீர்கள். மாலை கழற்றிய அன்று என்ன நடந்தது என்பதைக் கடைசியில் கேளுங்கள். அடுத்த திட்டத்துக்குரிய இடம் அதுதான்.

இங்கே ஓர் எச்சரிக்கை. தினமும் அதிகமாகக் குடிப்பவர், காலையில் குடித்தால்தான் கைநடுக்கம் நிற்கும் என்ற நிலையில் இருப்பவர், மாலையை நம்பியோ நம் பேச்சை நம்பியோ ஒரே நாளில் நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து வரலாம். நிறுத்திய சில மணி நேரத்தில் நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் புத்தி தடுமாறி, இல்லாததைக் கண்டு பேசத் தொடங்கலாம். சாமி குத்தம் என்று வீட்டிலேயே வைத்துக்கொள்வார்கள். முன்பு நிறுத்தியபோது வலிப்போ பிதற்றலோ வந்ததா என்று கேட்காமல், நிறுத்துங்கள் என்ற இடத்துக்கு உரையாடலைக் கொண்டுபோகாதீர்கள். வந்திருந்தால் மருத்துவமனையில் வைத்துத்தான் நிறுத்த வேண்டும்.

கடையநல்லூர், தென்காசி, புளியங்குடிப் பகுதிகளில் ரமலான் வரும் முன்னரே ஒரு பேச்சு தேவை. நோன்பு வைக்காதீர்கள் என்று சொல்லிவிடுவார்கள் என்ற பயத்தில் பலர் நம்மிடம் வாயே திறப்பதில்லை. தாங்களாக மாத்திரையை நிறுத்துகிறார்கள், அல்லது நாள் முழுவதற்கும் உரியதை இஃப்தார் நேரத்தில் ஒன்றாகப் போடுகிறார்கள். நோன்பு வைப்பீர்களா என்று கேட்காமல், நோன்பு நாள்ல மாத்திரைய எப்பிடி வச்சிக்கிடலாம்னு இருக்கீங்க என்று கேளுங்கள். நோன்பை நாம் மதிக்கிறோம் என்பது கேள்வியிலேயே தெரிந்துவிடும். சஹர் நேரம், இஃப்தார் நேரம், ஊசி போடுபவரா என்பதையெல்லாம் எழுதிக்கொண்டு மாத்திரை நேரத்தை மருத்துவரிடம் கேட்டு மாற்றி வாங்கித் தரலாம். சர்க்கரை தாழ்ந்தால் நோன்பை முடித்துக்கொள்ள அவர்கள் மார்க்கத்திலேயே இடம் உண்டு. அதைப் பள்ளிவாசல் பெரியவர் வாயால் கேட்பதற்கு அவர்களுக்கு உதவுங்கள்.

வீட்டார் நடுவில்

நாம் மாமனாரிடம் கேட்டால் மருமகள் பதில் சொல்வார். அவிய எங்க சொன்னா கேக்காவ, நேத்துகூட ஒளிச்சு வச்சு முறுக்கு தின்னாவ. மாமனார் முகத்தைத் திருப்பிக்கொள்வார். மருமகளைப் பேசாதே என்று தடுக்கவும் கூடாது. அந்த வீட்டில் மாத்திரையை எடுத்துக் கொடுப்பது அவர்தான். அவருடைய அலுப்புக்கு முதலில் ஒரு நிமிடம் கொடுங்கள்: எல்லாத்தையும் நீங்க ஒருத்தியே பாக்க வேண்டியிருக்கு மதினி. அவர் கொஞ்சம் தணிந்ததும் பெரியவர் பக்கம் திரும்புங்கள். மதினி சொன்னதக் கேட்டேன். ஒங்களுக்கு எப்பிடித் தோணுது தாத்தா? பெண்களிடம் குடும்பப் பிரச்சினையோ அடி உதையோ இருப்பதாகச் சந்தேகம் வந்தால், வீட்டில் வைத்துக் கேட்கவே கேட்காதீர்கள். நிலையத்துக்குத் தனியாக வர ஒரு காரணம் ஏற்படுத்திக் கொடுங்கள்.

எங்கே இது உதவாது

ஊக்க உரையாடலை எல்லாவற்றுக்கும் மருந்தாக எண்ண வேண்டாம். ஆய்வுகள் காட்டும் பலன் உண்மையானது, ஆனால் மிதமானது. குடி போன்றவற்றில் சற்றுத் தெளிவாகவும், வேறு சிலவற்றில் மங்கலாகவும் இருக்கிறது. மாத்திரை இருப்பு இல்லாத நிலையத்தில் எவ்வளவு நன்றாகப் பேசினாலும் சர்க்கரை இறங்காது. மருந்தை விலை கொடுத்து வாங்க முடியாமல் நிறுத்தியவருக்கு ஊக்கக்குறைவு என்ற முத்திரை குத்துவது அநியாயம்.

துக்கத்தில் இருப்பவரிடம் மாற்றத்தைப் பற்றிய பேச்சே கிடையாது. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து ஒரு மாணவன் உயிரிழந்தான். சுற்றுலா வந்த இடத்தில் பிள்ளையைப் பறிகொடுத்து, ஊர் தெரியாமல் அவசரப் பிரிவின் வாசலில் நிற்கும் குடும்பங்களை நீங்கள் சந்திக்க நேரும். அங்கே விதி என்று ஆறுதல் சொல்ல வேண்டாம், ஏன் இறங்க விட்டீர்கள் என்ற கேள்வி எந்த வடிவிலும் வேண்டாம். அழக்கூடாது என்றும் தடுக்காதீர்கள். நாற்காலி கொடுங்கள், தண்ணீர் கொடுங்கள், பெயரைக் கேட்டுக்கொள்ளுங்கள். அடுத்து என்ன நடக்கும், எவ்வளவு நேரம் ஆகும், உடலை எப்போது பார்க்கலாம் என்பதைச் சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். சொன்னதை மறுபடி மறுபடி கேட்பார்கள். மறுபடி மறுபடி சொல்லுங்கள்.

உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் இருப்பதாகத் தோன்றினால் நேராகக் கேட்டுவிடுங்கள்: செத்திரலாம்னு எப்பவாவது தோணியிருக்கா? கேட்பதால் அந்த எண்ணம் முளைக்காது. இருக்கிறது என்றால் அவரைத் தனியே விடாதீர்கள். வீட்டில் பூச்சிமருந்து எங்கே இருக்கிறது என்று கேட்டு, அதை அப்புறப்படுத்த வையுங்கள். அன்றே மருத்துவரிடம் கொண்டுசேருங்கள். டெலி மானஸ் மனநல உதவி எண்ணான 14416-ல் இரவும் பகலும் தமிழில் பேசலாம்.

நேரமே இல்லாதபோது

திங்கட்கிழமை ஓ.பி.யில் ஒருவருக்கு மூன்று நிமிடம் கிடைத்தால் அதிகம் என்பதை அறிந்தே எழுதுகிறேன். மூன்று நிமிடத்திலும் ஒரு திறந்த கேள்விக்கு இடம் உண்டு. மாத்திரை போட்டீங்களா என்பதற்குப் பதிலாக, போன மாசம் எத்தன நாளு மாத்திர விட்டுப்போச்சு என்று கேளுங்கள். விட்டுப்போவது சாதாரணம் என்று கேள்வியே சொல்லிவிடுவதால் உண்மை வரும். வந்த உண்மைக்குத் திட்டு விழுந்தால் அடுத்த மாதம் அது வராது. பி.பி. பட்டை கையில் இருக்கும்போது மட்டும் பேசவோ பேசவைக்கவோ வேண்டாம், அளவு ஏறிவிடும். அளந்து, பட்டையைக் கழற்றும் அந்தச் சில நொடிகள் நல்ல இடம்.

கடைசியாகப் பதிவேடு. நோயாளி ஒத்துழைக்கவில்லை, அறிவுரை வழங்கப்பட்டது என்று எழுதும் பழக்கத்தை விடுங்கள். அடுத்து வரும் செவிலியருக்கு அந்த வரி எதையும் தருவதில்லை, வாசிக்கும் முன்பே நோயாளிமேல் ஒரு கோபத்தை மட்டும் கிளப்புகிறது. நோயாளி தன் வாயால் சொன்ன காரணத்தை, அவர் சொன்ன சொல்லிலேயே எழுதுங்கள். அவர் எடுத்த முடிவையும், எதைத் தடை என்றார் என்பதையும் அதன்கீழ் எழுதுங்கள். கீழப்பாவூர் ஆச்சிக்கு இப்படி: ‘கண்ணு போச்சுன்னா கைவேல போச்சு’ என்கிறார். வெறும் வயிற்றில் மாத்திரை போட்டு ஒருமுறை நடுக்கம், வியர்வை, கிறக்கம். மருத்துவருக்குத் தெரிவிக்கப்பட்டது. இலை வெட்டும் முன் இட்லி சாப்பிட்டு மாத்திரை போடுவதாகச் சொல்கிறார். கண் பரிசோதனைக்குத் தென்காசி அரசு மருத்துவமனைக்குப் பரிந்துரை. அடுத்த வருகையில் கேட்க வேண்டியது: காலை இட்லி தோதுப்படுகிறதா, கிறக்கம் மறுபடி வந்ததா, நூல் கண்ணுக்குத் தெரிகிறதா.